கூடிப் பேசுவது யார், கொடுத்துத் தீர்ப்பது யார்?

1967 நவம்பர் 18, சனிக்கிழமை இரவு. பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைப்பதாக லண்டனில் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. 2.80 அமெரிக்க டாலராக இருந்த பவுண்டு 2.40 டாலராக இறங்கியது. மறுநாள் தொலைக்காட்சியில் பேசிய பிரதமர் ஹெரால்டு வில்சன், உங்கள் சட்டைப்பையிலும் வங்கியிலும் உள்ள பவுண்டின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை என்று தம் மக்களைத் தேற்றினார். அந்தப் பேச்சை அவர் நாட்டுக்காரர்களே பல காலம் கேலி செய்தார்கள். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பினாங்கில், யாரும் சிரிக்கவில்லை. இங்கே சட்டைப்பையில் இருந்த வெள்ளி உண்மையாகவே குறைந்துபோனது.

அந்த ஆண்டு ஜூன் 12-ஆம் தேதிதான் மலேசியா தன் சொந்த வெள்ளியை வெளியிட்டிருந்தது. மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணய வாரியம் அச்சிட்ட பழைய நோட்டுகளும் கூடவே புழங்கின. கடைக்காரர் இரண்டையும் ஒரே கல்லாப்பெட்டியில் போட்டுக்கொண்டார். வேற்றுமை நோட்டில் இல்லை, நோட்டுக்கு ஈடாக வைத்திருந்ததில் இருந்தது. பழைய வெள்ளிக்கு ஈடு லண்டனில் கிடந்த ஸ்டெர்லிங் கையிருப்பு; ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்பது 1906-இல் வகுத்த கணக்கு. புதிய வெள்ளியோ தங்கத்தில் மதிப்பிடப்பட்டது. பவுண்டோடு சேர்ந்து விழவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. எனவே பவுண்டு சரிந்ததும் புதிய வெள்ளி அசையாமல் நின்றது, பழைய வெள்ளி 85 காசாயிற்று.

நிதியமைச்சர் டான் சியூ சின்னின் கணக்கில் பிழை கிடையாது. பழைய நோட்டுக்கு ஈடாக இருந்த சொத்தே சுருங்கிவிட்டபோது அந்த நோட்டை முழு விலைக்கு யார் வாங்குவது? ஆனால் ஐந்து மாதமாகியும் பழைய நோட்டை மாற்றிக்கொள்ளாமல் வைத்திருந்தவர்கள் யார் என்பதை அந்தக் கணக்கு கேட்கவில்லை. வங்கிப் படியே மிதித்திராத அங்காடிக்காரர்கள், மீனவர்கள், தோட்டத் தொழிலாளர்கள், சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த கிழவிகள். ஒரே இரவில் அவர்களுடைய ஒவ்வொரு நூறு வெள்ளியிலும் பதினைந்து வெள்ளி காணாமல் போயிற்று.

நவம்பர் 24, வெள்ளிக்கிழமை, தொழிற்கட்சி பினாங்கில் ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தது. ஜார்ஜ் டவுனில் கடையடைப்பாகத் தொடங்கியது மதியத்துக்குள் கலவரமாயிற்று. நாணயத்தைப் பற்றிய கோபம் சில மணி நேரத்தில் இனத்தைப் பற்றிய கோபமாகத் திரும்பியது. ஊரடங்கு போடப்பட்டது, கலவரம் தீவைத் தாண்டிப் பெருநிலத்துக்கும் பரவியது. அடங்குவதற்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு வந்த 1969 மே 13-இன் நிழலில் இந்த நிகழ்ச்சி மறைந்துவிட்டது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலருக்கு இது தெரியாது.

இதை இப்போது கிளறுவதற்குக் காரணம் உண்டு. பெரிய பொருளாதார நாடுகளுக்கு இடையே ஒத்துழைப்பு முறிந்துவிட்டது, இனி உலகம் என்னாகும் என்று ஏடுகள் எல்லாம் கவலைப்படுகின்றன. ஆனால் 1967-இல் முறிவு எதுவும் நடக்கவில்லை. பவுண்டைக் குறைக்கும் முடிவுக்குப் பின்னால் சர்வதேச நாணய நிதியமும் பணக்கார நாடுகளின் மத்திய வங்கிகளும் கடனுதவியோடு நின்றன. முறைப்படி கலந்து பேசி, முறைப்படி அறிவித்து, முறைப்படி நடந்த காரியம் அது. ஒத்துழைப்பு செவ்வனே நடந்தது. செத்தது ஜார்ஜ் டவுனில்.

ஆகவே ஒத்துழைப்புக்கு எதிர்காலம் உண்டா என்ற கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கச் சொல்வேன்: அவர்கள் கூடினாலும் சரி, பிரிந்தாலும் சரி, சுமையை யார் தலையில் இறக்குகிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையைவிடப் பொருத்தமான இடம் குறைவு. பழைய பெயர் பிட் ஸ்திரீட். வடக்கு முனையில் 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், அடுத்து சீனர்களின் குவான் யின் கோயில், பின்புறமாக மாரியம்மன் கோயில், தெற்கே பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் மைதீன் 1801-இல் எழுப்பிய பள்ளிவாசல். இவற்றுக்கு நடுவில் நகைக்கடைகளும், பல தலைமுறைகளாகத் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மணி சேஞ்சர் கடைகளும். 1786-இல் பிரான்சிஸ் லைட் தீவில் கொடியேற்றி, டச்சுக்காரர்களின் துறைமுகங்களிலிருந்து கப்பல்களை இழுப்பதற்காக இங்கே சுங்கம் இல்லை என்று அறிவித்தார். அதனால் திரண்ட கூட்டம்தான் இந்தத் தெரு.

நல்லிணக்கத் தெரு என்று சுற்றுலாத் துறை இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. 2008-இல் யுனெஸ்கோவும் ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எனக்கும் பெருமைதான். ஆனாலும் விளம்பரப் பலகையை அப்படியே நம்பிவிடக் கூடாது. 1867 ஆகஸ்டில் இதே வட்டாரத்தில் பத்து நாள் பெருங்கலவரம் நடந்தது. ஒரு சீனச் சங்கமும் வெள்ளைக்கொடி முஸ்லிம் சங்கமும் ஒரு பக்கம், இன்னொரு சீனச் சங்கமும் செங்கொடிச் சங்கமும் மறுபக்கம். இனமும் மதமும் கடந்த கூட்டணி, சண்டை போடுவதற்காக! இந்தத் தெருவின் இணக்கம் அன்பில் மட்டும் பிறந்ததன்று. நாளைக்கும் இதே ஆளிடம்தான் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயத்திலும் பிறந்தது.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தாருக்கு அது நன்றாகத் தெரியும். பக்கத்துப் பினாங்கு ஸ்திரீட்டில் அவர்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. பர்மா, இலங்கை, மலாயா என்று பரவியிருந்த பெட்டியடிகளுக்குள் உண்டியல் சீட்டு ஒன்றே போதும், பணம் கைமாறிவிடும். தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்க ‘நடப்பு வட்டி’யைக் கூடிப் பேசி முடிவு செய்வார்கள்; ரங்கூனில் அந்தக் கூட்டம் கோயிலில் வைத்தே நடந்தது. இன்றைய மத்திய வங்கி ஆளுநர்கள் பொறாமைப்படக்கூடிய ஒழுங்கு. ஆனால் 1930-களில் அரிசி விலை விழுந்தபோது என்ன நடந்தது? கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்களின் பெயருக்கு வந்து சேர்ந்தது. 1930-இல் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஆறு விழுக்காடு அவர்களிடம் இருந்தது; 1937-இல் கால் பங்கு. நிலம் நகரத்தாருக்கும் சுமைதான், அவர்கள் கேட்டது பணத்தை. என்றாலும் கோயிலில் கூடியவர்களுக்குள் நாணயம் தவறவில்லை என்பதும், கூட்டத்தில் இடமில்லாத உழவர் நிலத்தை இழந்தார் என்பதும் ஒருசேர உண்மை. நம்மவர் செய்ததையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்தவரைப் பேச வேண்டும்.

அதே ஆண்டுகளில் தமிழன் தலையிலும் சுமை இறங்கியது. 1929-இல் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. 1930 ஜூனில் அமெரிக்கா இறக்குமதி வரிகளை உயர்த்தியது, மற்ற நாடுகளும் பதிலுக்கு உயர்த்தின. உலக ரப்பரின் மிகப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்க மோட்டார் தொழில். அங்கே கார் விற்கவில்லை என்றால் கெடாவிலும் பேராவிலும் பால்மரம் சும்மா நின்றது. தோட்டங்களில் ஆண்களின் நாள்கூலி 50 காசிலிருந்து 40 காசாக வெட்டப்பட்டது, பிறகு இன்னும் கீழே போனது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போகும் கப்பல் பினாங்குத் துறையிலிருந்து கிளம்பும். தோட்ட முதலாளிகளுக்கு அது வசதியான ஏற்பாடு. வேலையில்லாத் திண்டாட்டம் என்ற செலவை அப்படியே தஞ்சாவூர், திருச்சி மாவட்டக் கிராமங்களின் கணக்கில் எழுதிவிடலாம்.

1933 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் லண்டனில் பொருளாதார மாநாடு கூட்டின. நாணய மதிப்பை நிலைப்படுத்துவது, வரிகளைக் குறைப்பது என்று பேச்சு. ஜூலை 3-ஆம் தேதி அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அனுப்பிய ஒரே செய்தியில் மாநாடு உடைந்தது. ஒத்துழைப்பின் தோல்விக்குப் பாடப்புத்தகங்கள் காட்டும் உதாரணம் அதுதான். அதே லண்டனில் மறு ஆண்டு மே 7-இல் நடந்த வெற்றியைப் பாடப்புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ், இந்தியா, சியாம் ஆகிய ஐந்து அரசுகள் ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு பிரித்தார்கள். விலை ஏறியது. பெருந்தோட்டங்கள் பிழைத்தன. சிறுதோட்டக்காரர்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று பொருளியல் அறிஞர் பி. டி. பவுர் பிற்பாடு விரிவாக எழுதிக் காட்டினார். பால் வெட்டியவர்களின் கூலியோ 1937-இல்தான் பழைய 50 காசை எட்டியது. அடுத்த ஆண்டே மறுபடியும் வெட்டு.

அப்போதுதான் இந்திய அரசு தன் கையில் இருந்த ஒரே பிடியை இறுக்கியது. 1938 ஜூனில் மலாயாவுக்கு உதவிப்பயணத்தில் கூலியாட்கள் போவதைத் தடை செய்தது. ஐந்து அரசுகள் சேர்ந்து போட்ட ரப்பர் ஒப்பந்தம் தராத கவனத்தை ஒற்றை அரசின் தடை தந்தது. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்து, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் இறந்து, தலைவர் ஆர். எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கதைக்கு வேர் இந்தக் கூலிக் கணக்கில்தான் இருக்கிறது.

இனி 1985-க்கு வருவோம். பினாங்கின் பொருளாதார வரலாற்றில் இதைவிட விசித்திரமான ஆண்டு இல்லை என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. 1969-இல் பினாங்கின் சுங்கமில்லாத் துறைமுக உரிமை பறிக்கப்பட்டது. இந்தோனேசியாவின் மோதல் கொள்கையால் ஏற்கெனவே வாடியிருந்த இடைத்தரகு வணிகத்துக்கு அதுவே முடிவு. முதலமைச்சர் டாக்டர் லிம் சோங் யூ 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக வளாகத்தைத் திறந்தார். இன்டெல், ஏஎம்டி, ஹியூலட் பேக்கர்ட், பாஷ் முதலான எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. மலாய்க் கிராமங்களான கம்பங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் நுண்ணோக்கிக்குக் கீழே கண்ணைக் கொடுத்துச் சில்லுகளில் கம்பி இணைத்தார்கள். பழைய ஈயம், ரப்பர் பொருளாதாரமும் புதிய மின்னணுப் பொருளாதாரமும் ஒரே தீவில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

1985 செப்டம்பர் 22-இல் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடி, டாலரை இறக்குவது என்று முடிவு செய்தார்கள். டாலருக்கு 240 யென் என்றிருந்தது ஒரே ஆண்டில் 160-க்கும் கீழே வந்தது. ஜப்பானில் பொருள் செய்தால் கட்டுப்படியாகாது என்ற நிலை வந்ததும் ஜப்பானிய நிறுவனங்கள் தென்கிழக்காசியாவுக்குக் கிளம்பின. மலேசியாவின் 1980-களின் பிற்பகுதித் தொழில் வளர்ச்சிக்கு இது பெரிய உந்துதல். நம்மிடம் யாரும் கேட்கவில்லை, நமக்காகச் செய்யவும் இல்லை. ஆனால் காற்று நம் பக்கம் வீசியது.

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 24-இல், லண்டனில் இயங்கிய சர்வதேச ஈய மன்றம் தன்னிடம் பணம் தீர்ந்துவிட்டது என்று கைவிரித்தது. ஈயம் விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து விலையைத் தாங்கிப் பிடிக்க அமைத்த மன்றம் அது. விலை விழும்போது வாங்கிக் குவிப்பது, ஏறும்போது விற்பது. பல ஆண்டுகள் கடன் வாங்கிக் குவித்துக் குவித்து மூச்சுமுட்டிப் போயிற்று. சந்தைகள் மூடப்பட்டன. திறந்தபோது விலை ஏறத்தாழப் பாதி. கிந்தா பள்ளத்தாக்கில் லம்பங்கள் எனப்படும் ஈயச் சுரங்கங்கள் வரிசையாக மூடின. உருக்காலைகள் வைத்திருந்த பினாங்கும் பட்டர்வொர்த்தும் அடி வாங்கின.

இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துவது அதற்குப் பிந்தைய வழக்கு. ஈய மன்றத்துக்குக் கடன் கொடுத்த வங்கிகளும் தரகர்களும் உறுப்பு நாடுகள் மேல் வழக்குப் போட்டார்கள். மன்றம் தனி ஆள், அதன் கடனுக்கு உறுப்பு அரசுகள் பொறுப்பல்ல என்று 1989-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. கையெழுத்துப் போட்டவர்கள் எழுந்து போய்விடலாம் என்பது இதன் பொருள். வங்கிகள் பேரம் பேசி ஒரு தொகையாவது வாங்கின. லம்பத்து வேலையாட்களுக்கு வழக்குப் போடவே இடமில்லை. சின்ன நாடு என்றால் நிரபராதி என்று நாமும் சொல்லிக்கொள்ள முடியாது: 1981-82-இல் மலேசிய அரசே மாமின்கோ என்ற நிறுவனத்தை வைத்து ரகசியமாக ஈயத்தை வாங்கிக் குவித்து விலையைத் தூக்கப் பார்த்துத் தோற்றது. ஒப்பந்தத்தில் உட்கார்ந்துகொண்டே ஒப்பந்தத்தின் அடியை அறுத்தவர்களில் நாமும் உண்டு.

1997-98 எல்லோருக்கும் நினைவிருக்கும், எனவே சுருக்கமாக. ஒரு டாலருக்கு இரண்டரை ரிங்கிட் என்றிருந்தது 1998 ஜனவரியில் 4.88 வரை போனது. பிட் ஸ்திரீட் மணி சேஞ்சர் கடைகளில் பலகையில் எழுதிய விலை உலராத காலம் அது. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் தென்கொரியாவும் நாணய நிதியத்திடம் போயின. பிரதமர் மகாதீர் போகவில்லை. செப்டம்பர் 2-ஆம் தேதி ரிங்கிட் 3.80-இல் கட்டி வைக்கப்பட்டது. அதே நாள் நிதியமைச்சர் அன்வார் இப்ராகிம் பதவி நீக்கப்பட்டார். ஆசியாவுக்கென்று ஒரு நாணய நிதியம் வேண்டும் என்று ஜப்பான் 1997-இலேயே சொன்னது. அமெரிக்கா எதிர்த்ததால் யோசனை கருகியது. அதன் எச்சமாக 2000-இல் சியாங் மாய் ஏற்பாடு பிறந்தது. இன்று அதில் 240 பில்லியன் டாலர் இருப்பதாகக் கணக்கு. இதுவரை ஒருவரும் ஒரு டாலர்கூட எடுத்ததில்லை. பெரும்பகுதியை எடுக்க வேண்டுமானால் முதலில் நாணய நிதியத்தின் நிபந்தனைக்குத் தலை கொடுக்க வேண்டும். 2008-இல் தென்கொரியாவுக்கு டாலர் தட்டியபோது அது சியாங் மாய் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை, நேராக அமெரிக்க மத்திய வங்கியிடம் போயிற்று. மாநாட்டுப் படத்துக்காக வாங்கிய தீயணைப்பு வண்டி, தீப்பிடித்தபோது கொட்டகையிலேயே நின்றது.

நியாயமாகச் சொன்னால் அந்த 2008-க்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. அதுவரை நிதியமைச்சர்கள் மட்டத்தில் இருந்த ஜி20 அந்த நவம்பரில் வாஷிங்டனில் தலைவர்களின் கூட்டமாயிற்று. 2009 ஏப்ரல் 2-இல் லண்டனில் 1.1 டிரில்லியன் டாலர் திட்டம் வந்தது. 1930-களைப் போல வரிச்சுவர்கள் எழவில்லை. பாயான் லெப்பாஸில் ஆட்குறைப்பு நடந்தாலும் வளாகம் பிழைத்தது. பெரியவர்கள் கூடுவதால் பயனே இல்லை என்று சொல்வோர் இந்த ஓராண்டையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

அந்த மனநிலை இப்போது இல்லை. உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு 2019 டிசம்பரிலிருந்து போதிய நீதிபதிகள் இல்லாமல் முடங்கிக் கிடக்கிறது. 2025 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய ஜி20 மாநாட்டை அமெரிக்கா புறக்கணித்தது. மற்றவர்கள் அது இல்லாமலே அறிக்கை வெளியிட்டார்கள். 2026-க்குத் தலைமைப் பொறுப்பு அதே அமெரிக்காவிடம். முன்னதாக 2025 ஏப்ரல் 2-இல் வாஷிங்டன் அறிவித்த வரிப்பட்டியலில் மலேசியாவுக்கு 24 விழுக்காடு, ஜூலையில் 25, ஆகஸ்டில் 19. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டமும் சேர்ந்து இந்தியாவுக்கு ஆகஸ்ட் 27-இல் 50 ஆயிற்று. திருப்பூரில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் ரஷ்ய எண்ணெயை ஒரு சொட்டுக்கூட வாங்கவில்லை. தண்டம் அவருடைய ஓவர்டைமில் பிடிக்கப்பட்டது.

அந்த அக்டோபர் 26-இல் கோலாலம்பூரில் அதிபர் டிரம்பும் பிரதமர் அன்வாரும் பரஸ்பர வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1998-இல் நிதியமைச்சுப் பதவியை இழந்த பினாங்கு மைந்தர் அன்று பிரதமராகக் கையெழுத்திட்டார். உலகச் சில்லுச் சோதனையிலும் பொதியிடலிலும் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது, அதன் இதயம் பாயான் லெப்பாஸ். அமெரிக்கச் சந்தையை இழந்து அந்த வளாகம் வாழ முடியாது. சீன உதிரிப்பாகம் இல்லாமலும் முடியாது. அன்வாரின் இக்கட்டு எனக்குப் புரிகிறது. ஆனால் பொருளாதாரப் பாதுகாப்புக்காக அமெரிக்கா மூன்றாம் நாடு ஒன்றின்மேல் தடை போட்டால் மலேசியாவும் இணையான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற பிரிவை ஒப்பந்தத்தில் சேர்த்தது தவறு. முழு வாசகம் மக்கள் கண்ணில் பட்டது கையெழுத்தான பிறகுதான் என்பது அதைவிடத் தவறு. பத்து நாடுகள் சேர்ந்து பேசினால் பிரிவை மாற்றச் சொல்லலாம். ஒற்றை ஆளாகப் போனவர் கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

ஒத்துழைப்பு இழுபறியானால் என்னாகும் என்பதற்கு இலங்கை பக்கத்திலேயே இருக்கிறது. 2022 ஏப்ரல் 12-இல் கடனைக் கட்ட முடியாது என்று கொழும்பு அறிவித்தது. நடுத்தர வருமான நாடு என்பதால் ஜி20-இன் கடன் சீரமைப்புச் சட்டகத்துக்குள் வர இடமில்லை. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையில் ஒரு குழு, தனியாக நின்ற சீனா என்று இரண்டு வாசல்களில் தட்டித் தட்டி, உடன்பாடு வர 2024 ஜூன் ஆயிற்று. இடையில் 2023-இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகள் விட்டுவைக்கப்பட்டன. சுமை ஊழியர் சேமலாப நிதியத்தின் மேல் இறக்கப்பட்டது. உழைப்பாளியின் ஓய்வுக்கால வட்டி அது. வெளிநாட்டுக் கடன்காரர்களுக்குள் யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்று இரண்டாண்டு பேச்சு நடந்தது. சேமலாப நிதியத்தின் கழிவு நாடாளுமன்றத்தில் ஒரு வார இறுதியில் முடிந்துவிட்டது.

இனி வரப்போவது எப்படி இருக்கும்? பிரெட்டன் வூட்ஸ் போல எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து விதி எழுதும் காலம் நம் ஆயுளில் திரும்பும் என்று நான் நம்பவில்லை. வரப்போவது துண்டு துண்டான ஏற்பாடுகள். அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கோலாலம்பூரில் கையெழுத்தானதைப் போல பலசாலி ஒருவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முடிப்பது. மற்றொன்று, நடுத்தர நாடுகள் சத்தமில்லாமல் தங்களுக்குள் குழாய் போட்டுக்கொள்வது. எனக்கு நம்பிக்கை தருவது இந்த இரண்டாவது.

ஓர் உதாரணம் நடந்துகொண்டிருக்கிறது. 2021-இல் மலேசியாவின் கைபேசிப் பணப் பரிமாற்ற முறையான டூயிட்நவ் கியூஆர் தாய்லாந்தின் பிராம்ப்ட்பேயோடு இணைந்தது. 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யுபிஐ சிங்கப்பூரின் பேநவ்வோடும், அதே நவம்பரில் டூயிட்நவ் பேநவ்வோடும் இணைந்தன. இப்படி இரண்டிரண்டாக இணைப்பதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே தளத்தில் சேர்க்கும் நெக்சஸ் திட்டத்தில் மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகியவற்றோடு 2024-இல் இந்தியாவும் சேர்ந்தது. எந்த வல்லரசின் அனுமதியும் தேவைப்படவில்லை. எல்லை தாண்டிய பணப் பரிமாற்றத்தை மலிவாக்க ஜி20 நாடுகள் 2020-இல் தீட்டிய திட்டம், 2027 இலக்கை எட்டுவது கடினம் என்று அதைக் கண்காணிக்கும் நிதி நிலைத்தன்மை வாரியமே 2025-இல் சொல்லிவிட்டது. ஐந்து நாட்டுக் குழாய் அதற்கு முன்னால் தண்ணீர் கொடுத்தால் நான் வியக்க மாட்டேன்.

கப்பித்தான் கெலிங் சாலை மணி சேஞ்சர்களுக்கு இது கசக்கும் செய்தி. தொலைபேசியிலேயே பணம் ஊருக்குப் போய்விட்டால் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் யார் நிற்பார்கள்? சுற்றுலாப் பயணி வருவார், வரிசை குறையும். இந்தத் தெருவின் மேல் எனக்குள்ள பற்றை வைத்துக்கொண்டு, தொழிலாளி அதிகக் கட்டணம் கட்ட வேண்டும் என்று எழுத முடியாது. ஊருக்கு அனுப்பும் பணத்தின் செலவை 2030-க்குள் 3 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவருவதாக ஐ.நா. நாடுகள் எல்லாம் ஒப்புக்கொண்டன. உலக சராசரி இன்னும் அதன் இரு மடங்கு அளவில் நிற்கிறது.

ஆனால் குழாய் போடுவது மட்டும் போதாது, யாருக்காகப் போடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். நகரத்தாரின் நடப்பு வட்டி, ரப்பர் ஒப்பந்தம், ஈய மன்றம் மூன்றுமே உள்ளே இருந்தவர்களுக்கு ஒழுங்காக வேலை செய்த காலம் உண்டு. நெக்சஸும் பெரிய வணிகர்களின் பணத்தை விரைவாக ஓட்டிவிட்டு, தோட்டத்திலும் உணவகத்திலும் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு வங்கிக் கணக்கு இல்லை என்ற காரணத்தால் அவரை வெளியே நிறுத்திவிடலாம். 1967-இல் பழைய நோட்டைக் கையில் வைத்திருந்தவரும் வங்கிக் கணக்கு இல்லாதவர்தான்.

எனவே பேங்க் நெகாராவிடமும் இந்திய ரிசர்வ் வங்கியிடமும் கேட்க வேண்டியது இரண்டு. நெக்சஸ் இயங்கத் தொடங்கும்போது சிறு தொகைகளுக்குக் கட்டண உச்சவரம்பு முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். வேலை அனுமதிச் சீட்டு வைத்திருக்கும் எந்தத் தொழிலாளிக்கும், கணக்குத் திறக்கக் காரணம் கேட்காத வழி வேண்டும். நாடாளுமன்றத்திடம் கேட்க வேண்டியது ஒன்று. இனி எந்த வணிக ஒப்பந்தமும் கையெழுத்தாவதற்கு முன்பே சபையில் வைக்கப்பட வேண்டும். அது சரிந்தால் நட்டம் யாரைச் சேரும் என்ற குறிப்பும் அதோடு இணைக்கப்பட வேண்டும். பினாங்கில் நாடாளுமன்றத் தொகுதிகள் 13. உங்கள் உறுப்பினர் அடுத்த முறை உங்கள் வட்டாரத்துக்கு வரும்போது சாலைக் குழியைப் பற்றிக் கேட்டு முடித்ததும் இதையும் கேளுங்கள்.